வெண்டர் பெட்டியில் ஓர் இடம்

1

ஜெர்மனியில், லைப்ஸிக்கில் மழை. நம்மூர் மழை என்று நினைத்துவிடாதீர்கள். இது குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று நம்மையே முடிவெடுக்கச் சொல்லும் மழை. அலுவலகத்தின் பின்வாசலில், கூரைக்குக் கீழே நின்றபடி தயிர்சாத டப்பாவை ஒரு கையிலும் செல்பேசியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தேன். இங்கே மதியச் சாப்பாட்டு வேளை என்றால் அங்கே கிண்டியில் வீடு திரும்பும் கூட்டம் பிதுங்கும் நேரம். ‘தாம்பரம் லோக்கல்’ குழுவில் செய்திகள் கொட்டும். செங்கல்பட்டு வண்டி லேட். பரங்கிமலையில் நிற்க இடமில்லை. பழவந்தாங்கலில் யாரோ குடையை விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள், கறுப்புக் குடை, கைப்பிடி உடைந்தது, கண்டால் சொல்லவும்.

எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்று தெரிந்துகொண்டு எனக்கு இங்கே ஆகப்போவது எதுவும் இல்லை. ஆனாலும் படிப்பேன். சிலர் மதியம் பழைய பாட்டுக் கேட்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

அன்றைக்குக் குழுவில் வண்டிகளே இல்லை. குழுவை நடத்துகிறவர், குழுவில் அவர் பெயர் ஊரப்பாக்கம், எழுதியிருந்தார்: இந்தக் குழுவை மூடுகிறோம். இனி இரண்டு குழு, லேடீஸ் ஒன்று, ஜென்ட்ஸ் ஒன்று. ஒவ்வொருவரும் சொந்தப் பெயர், முகம் தெரிகிற படம், சீசன் டிக்கெட் படம் அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை நேரம். அதற்குள் எந்தப் பக்கம் என்று சொல்லாதவர்களுக்கு இடம் கிடையாது.

டப்பாவை மூடிவிட்டேன். தயிர்சாதம் அப்படியே இருந்தது.

2

இந்தக் குழு எப்படித் தொடங்கியது என்று சொன்னால்தான் எனக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்று புரியும்.

முடிச்சூர் பக்கம் வெள்ளம் வந்த அந்த டிசம்பர். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பெருங்களத்தூரில், முடிச்சூர் சாலையை ஒட்டி, முதல் மாடி. கீழ்வீட்டுக்காரர்களும் அவர்களுடைய கேஸ் சிலிண்டரும் எங்கள் ஹாலில். அப்பாவின் செல்பேசியில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தது. லோக்கல் வண்டியில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்த ஒரு குழுவில் அப்பா இருந்தார். அதில் யாருக்கும் யாரையும் தெரியாது. வண்டி ஓடுகிறதா என்று கேட்கத்தான் அது. அந்த நாளில் ஒருவர் எழுதினார்: “பெருங்களத்தூரில் யாராவது இருக்கீங்களா?”

அப்பா மொட்டைமாடியில் பக்கத்து வீட்டாரோடு கத்திக்கொண்டிருந்தார். நான் தட்டினேன்: “பெருங்களத்தூர் இருக்கேன்.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் பெருங்களத்தூர். கேட்டவர் குரோம்பேட்டை. பெயரெல்லாம் கேட்க அப்போது யாருக்கு நேரம்? எங்கே தண்ணீர் ஏறுகிறது, எங்கே பால் கிடைக்கிறது, எந்தப் பக்கம் படகு வருகிறது. வெள்ளம் வடிந்தது, அந்தப் பழக்கம் வடியவில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் முதலில் கேட்பது, “எந்த ஸ்டேஷன்?” சொன்னால் அதுதான் பெயர். ஒரே ஸ்டேஷனில் இரண்டு பேர் என்றால் கிழக்கு, மேற்கு. வீடு மாறினாலும் பெயர் மாறாது. அப்பா சலித்துப்போய் விலகினார், நான் சொந்த எண்ணில் சேர்ந்துகொண்டேன். குரோம்பேட்டை ஒரு கணக்கு டீச்சர் என்பது வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை பாதிப் பேர் அவரை ‘சார்’ என்றுதான் நினைத்திருந்தார்கள். அவரும் திருத்தவில்லை. பரீட்சை நேரத்தில் சிடுசிடுப்பார், மற்ற நேரத்தில் நன்றாகப் பேசுவார், அவ்வளவு போதும் என்று விட்டுவிட்டோம்.

மாலையில் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போனதும் ஒரு சொல் எழுத வேண்டும்: “வந்தாச்சு.” எழுதாவிட்டால் யாராவது கேட்பார்கள். “பெருங்களத்தூர் வந்தாச்சா?” நான் கல்லூரிக்குப் போன நாட்களில் என் அம்மா கேட்பதற்கு முன்னால் இவர்கள் கேட்டுவிடுவார்கள்.

3

இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இதற்குத் தமிழில் நீளமாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நல்ல சொல்தான், எனக்கு இன்னும் வாயில் உட்காரவில்லை. நான்-பைனரி என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறேன். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எழுதிய எழுத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும், எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆசை போய்விடும்.

பெருங்களத்தூர் பிளாட்பாரத்தில் காலையில் நின்றிருக்கிறீர்களா? லேடீஸ் பெட்டி வந்து நிற்கிற இடம் எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே துப்பட்டாவும் டிபன் பையுமாக ஒரு கும்பல். மற்ற இடத்தில் மற்ற கும்பல். பொதுப் பெட்டியில் யாரும் ஏறலாம் என்று சட்டம் சொல்லும். கதவில் தொங்குகிற கண்கள் வேறு சொல்லும். பிளாட்பாரத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்பதே ஒரு பதில். தினமும் காலையில் அந்தப் பதிலை எழுத வேண்டியிருந்தது எனக்கு. முடியை வெட்டிக்கொண்ட பிறகு லேடீஸ் பெட்டியில் முறைத்தார்கள். வளர்த்த பிறகு பொதுப் பெட்டியில் முறைத்தார்கள். நான் தண்ணீர்க் குழாயடியில் நின்று கைகழுவுகிற மாதிரி நடித்துவிட்டு, வண்டி நகரப்போகிற நொடியில் வெண்டர் பெட்டியில் தாவினேன்.

வெண்டர் பெட்டி தெரியும்தானே? வியாபாரிகளுக்கானது. மீன் கூடை, கீரைக் கட்டு, பூ மூட்டை, காலி டிரம். இருக்கைகள் ஓரமாகத்தான், நடுவில் எல்லாம் சரக்கு. ஈரமும் மல்லிகையும் மீனும் கலந்த ஒரு வாசம். முதல் நாள் குமட்டியது, ஒரு மாதத்தில் அதுதான் காலையின் வாசம் ஆகிவிட்டது. அங்கே ஆண்களும் பெண்களும் கூடைகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் குந்தியிருப்பார்கள். என்னை யாரும் மேலும் கீழும் பார்க்கவில்லை. கூடையில் கால் வைத்து மிதித்துவிடப் போகிறேனோ என்று மட்டும் பார்த்தார்கள்.

ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். சீசன் டிக்கெட்டை நீட்டினேன். அதைப் பார்க்கவே இல்லை. “மூட்டை எங்கே?” என்றார். மூட்டை இல்லாமல் வெண்டரில் ஏறினால் அபராதம். எதிரில் இருந்த கீரைக்கார அம்மா, பெயர்கூடத் தெரியாது, அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, பக்கத்திலிருந்த மீன் கூடையைத் தூக்கி என் மடியில் தொப்பென்று வைத்தார்.

“அது நம்ம ஆளு சார். கூடைய எறக்க வந்துகீது.”

பரிசோதகர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், அடுத்த ஆளிடம் போய்விட்டார். கிண்டி வரைக்கும் அந்தக் கூடை என் மடியில் இருந்தது. பேண்ட் முழுக்க ஈரம். அன்றைக்கு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தேன்.

4

படிக்க வந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டேன். என்ன வேலை என்றால் சிரிப்பீர்கள். டிராம் நிறுத்தத்தில், அடுத்த வண்டி இன்னும் எத்தனை நிமிடத்தில் என்று காட்டுகிற பலகை இருக்கிறதே, அதற்கு மென்பொருள் எழுதுகிற வேலை. ‘தாம்பரம் லோக்கல்’ செய்ததைத்தான் நான் இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன். பலகை மட்டும் யாரையும் வந்தாச்சா என்று கேட்காது.

இங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கட்டம். நூலகம், மின்சாரம், பல் மருத்துவர்: திருவா, திருமதியா? சில இடங்களில் மூன்றாவது கட்டமும் உண்டு. முதல்முறை அதைப் பார்த்தபோது திரையை முத்தமிடாத குறை. டிக் அடித்தேன். குடியேற்ற அலுவலகத்தில் மட்டும் அந்த அம்மையார் மிகவும் வருத்தப்பட்டுச் சொன்னார்: உங்கள் பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் எங்கள் கணினியிலும். அதை மாற்ற என்ன காகிதம் வேண்டும் என்று நம் தூதரகத்தில் கேட்டால் ஆளுக்கொரு ஜன்னலைக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு டோக்கன்.

அலுவலகத்தில் உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஒருமுறைகூடப் பிசகவில்லை. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன், மெய்யாகவே. என்னுடைய ஜெர்மன்தான் பிசகும். ஒருமுறை கூட்டத்தில் வண்டி தாமதம் என்று சொல்ல நினைத்து, வண்டி கர்ப்பமாக இருக்கிறது என்கிற மாதிரி எதையோ சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டம். நம்மூரில் என்றால் ஒரு வருஷத்துக்கு ஓட்டியிருப்பார்கள்.

மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். அவர்களுடைய எட்டு வயது மகள் கயல் ஒருநாள் படியில் மறித்தாள். “நீங்கள் அண்ணாவோ, அக்காவோ?”

“ரெண்டும் இல்ல.”

கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஜெர்மனில், அப்படியென்றால் உங்களிடம் சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். விஷயம் முடிந்தது. பிள்ளை எதற்கெடுத்தாலும் ஜெர்மனில் பதில் சொல்கிறாளே, இவள் தமிழை விட்டுவிடுவாளோ என்று அவள் அம்மாவுக்குக் கவலை. எனக்கோ, இவள் என்னிடம் கேட்ட ஒரே தமிழ்க் கேள்வி அண்ணாவோ அக்காவோ என்பதாகப் போயிற்றே என்று.

ஆக, இங்கே மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை டிராம் பழுதாகி, நடந்தே வீடு வந்து சேர்ந்தபோது, நான் இன்னும் வரவில்லையே என்று கேட்கக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது ஒரு செல்பேசிக் குழு. அதையும் இப்போது இரண்டாகப் பிரிக்கிறார்கள், நடுவில் நான் விழுகிற மாதிரி.

5

ஊரப்பாக்கத்தின் மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. காரணம் சொல்லியிருந்தார். யாரோ ஒரு ஆள் பொய்யாக ஒரு ஸ்டேஷன் பெயரில் சேர்ந்து, குழுவிலிருந்த பெண்களுக்குத் தனியாக அசிங்கமான செய்திகள் அனுப்பியிருக்கிறான். லேடீஸ் பெட்டி எங்கே நிற்கும், யார் எந்த வண்டியில் இறங்குவார்கள் என்பதெல்லாம் அவனுக்குக் குழுவிலிருந்தே தெரிந்திருக்கிறது. செய்தி போனவர்களில் ஒருத்தி ஊரப்பாக்கத்தின் சொந்தத் தங்கை. அவள் இரண்டு நாளாக ரயிலே ஏறவில்லை. ஒரு அண்ணன் வேறு என்ன செய்வான்?

பேசாமல் வெளியேறிவிடலாம் என்று நினைத்தேன். விரல் ‘வெளியேறு’ என்கிற அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் வரைக்கும் போனது. என்னுடைய பழைய சீசன் டிக்கெட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன், நைந்துபோன பிளாஸ்டிக் உறையில். அதில் என் முகம் இருக்கிறது, நான் ஒத்துக்கொள்ளாத ஓர் எழுத்தும் இருக்கிறது. அதைப் படம்பிடித்து அனுப்பினால் ஒரு பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். அனுப்பியும் விடலாம். ஆனால் பத்து வருஷமாக நான் பொய் சொல்லாமல் இருந்த ஒரே இடம் அது.

வெள்ளிக்கிழமை டீச்சர், அதாவது குரோம்பேட்டை, யார் யார் இன்னும் சொல்லவில்லை என்று பார்த்துக் கேட்டார்: “பெருங்களத்தூர், எந்தப் பக்கம்ப்பா?”

காலையில் வேலைக்குப் போகிற டிராமில் இருந்தேன். ஜன்னலில் மழை. எழுதினேன்: “எந்தப் பக்கமும் இல்லை டீச்சர். நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இத்தனை வருஷம் நீங்க யாரும் கேட்கலை, அதனால நான் சொல்ல வேண்டி வரலை. படிப்பு முடிச்சு ஊரை விட்டு வந்தேன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா சாயங்காலம் நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சான்னு பார்த்துட்டுத்தான் நான் திரும்ப வேலைக்குப் போவேன். இடம் இல்லைன்னா சொல்லிடுங்க, போயிடறேன்.”

அனுப்பினேன். படித்தவர்கள் பட்டியலில் முதலில் ஒன்றிரண்டு ஸ்டேஷன்கள். பிறகு நிறைய. எல்லோரும் படித்துவிட்டார்கள்.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. இறங்கவில்லை.

முதலில் எழுதியது வண்டலூர். காலேஜ் பையன், எதற்கெடுத்தாலும் சிரிப்பு முகம் போடுகிறவன். “அப்போ இது எந்த ஸ்டேஷன்லயும் நிக்காத வண்டியா?” அதற்கு நாலு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். அதில் ஒருவர், என் செமஸ்டர் பரீட்சை அன்று வண்டி ரத்தானபோது என்னைத் தன் பைக்கில் கொண்டுபோய் விட ஆள் அனுப்பியவர். அதுதான் வலித்தது. வண்டலூர் வலிக்கவில்லை.

அதன்பின் ஒரு குரல் பதிவு வந்தது. பல்லாவரம். காசிமேட்டில் மீன் எடுத்து, முதல் வண்டியில் பல்லாவரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவர். தட்டச்சு என்றாலே பேஜார் என்று எப்போதும் பேசித்தான் அனுப்புவார். பின்னால் சந்தை இரைச்சல், யாரோ வஞ்சிரம் விலை கேட்கிறார்கள், அவர் ‘இரு’ என்கிறார். பிறகு:

“இன்னா பா, எல்லாரும் கம்முனு கீறீங்க? பெருங்களத்தூரு ஒண்ணு சொல்லிகீது, பதில் சொல்ல வேணாவா? சரி, நா சொல்றேன். நா தெனம் ஏறுறது வெண்டரு. எங்கம்மாவும் அதுல தான் வந்துச்சு, நானும் அதுல தான் வர்றேன். பூக்காரம்மா, கீரக்காரரு, அல்லாரும் அதுல தான். அங்க எவனும் நீ ஆம்பளயா பொம்பளயான்னு கேக்க மாட்டான். கூடைய எங்க வெக்கப் போறன்னு தான் கேப்பான். ஊரப்பாக்கம், நீ லேடீசு வெச்சிக்கோ, ஜென்ட்ஸு வெச்சிக்கோ, நா வேணான்னு சொல்லல. நா வெண்டர்னு ஒண்ணு போடறேன். பெருங்களத்தூரு, நீ வந்து ஏறு. வண்டலூரு, நீ கூண்டுக்குள்ள போ பா, டைம் ஆச்சி.”

மிருகக்காட்சிசாலை வண்டலூரில்தான் இருக்கிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் டிராமில் தனியாகச் சிரித்தேன், எதிரில் இருந்த ஜெர்மன் தாத்தா நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். சிரித்தது மட்டும் இல்லை என்று அவர் கண்டுகொண்டிருப்பார்.

டீச்சர் அன்று மாலை அழைத்தார். பத்து வருஷத்தில் முதல்முறை அவர் குரலைக் கேட்கிறேன். நான் நினைத்ததைவிடச் சின்னக் குரல். “பொண்ணுங்களுக்குன்னு தனியா ஒரு இடம் வேணும்ப்பா. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்” என்றார். “ஆனா அதுக்காக உன்னைப் பிளாட்பாரத்துல நிக்க வைக்கணும்னு இல்லையே.” அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டார். அப்புறம் அங்கே குளிருமா. சந்தேகமே இல்லாமல் டீச்சர்.

ஊரப்பாக்கம் தனியாக எழுதினார். இவ்வளவு நாள் என்னை மனசுக்குள் மச்சான் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம், இனி எப்படி நினைப்பது என்று தெரியவில்லையாம், கொஞ்சம் டைம் ஆகுமாம். எழுதி அழித்து எழுதி, கடைசியில், “ஸ்டேஷன் பேரே போதும், இல்ல?” என்று கேட்டிருந்தார். போதும் என்றேன். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். திங்கட்கிழமையிலிருந்து போகிறாள், டீச்சர் கூடப் போகிறார் என்றார்.

6

லேடீஸ் குழு நடக்கிறது, டீச்சர் பார்த்துக்கொள்கிறார். ஜென்ட்ஸ் குழு ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கிரிக்கெட்டும் பழைய ஜோக்குமாக ஓடிவிட்டு நின்றுபோனது. எல்லோரும் வெண்டரில்தான் இருக்கிறார்கள்.

வெண்டருக்குப் பல்லாவரம் ஒரே ஒரு விதி போட்டார். கூடை இல்லாமல் ஏறக் கூடாது. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், சீசன் டிக்கெட் வேண்டாம். அன்றைக்கு என்ன சுமந்துகொண்டு போகிறாயோ அதைப் படம் எடுத்துப் போடு. வண்டிக்குள்ளே எடுத்த படமாக இருக்க வேண்டும். பொய் ஆள் எங்கிருந்தோ உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது என்பது அவர் கணக்கு. அது எவ்வளவு தூரம் சரி என்று தெரியவில்லை. ஆனால் டீச்சர் விடைத்தாள் கட்டைப் போட்டார். ஊரப்பாக்கம் லாப்டாப் பையையும் அதன் மேல் தங்கைக்கு வாங்கிய பட்டாணி சுண்டல் பொட்டலத்தையும் போட்டார். வண்டலூர் ஒரு ஹெல்மெட்டைப் போட்டு, கீழே சின்னதாக, ‘ஸாரி பெருங்களத்தூர்’ என்று எழுதினான். பல்லாவரத்தின் படத்தில் காலிக் கூடை. எல்லாம் விற்றுவிட்டதாம்.

நான்தான் கடைசி என்று நினைத்தேன். சனிக்கிழமை, துருக்கிக்காரர் கடையில் வெங்காயம் வாங்கிக்கொண்டு டிராமில் ஏறினேன். பெரிய மூட்டை, ஒரு மாதத்துக்கு வரும். உட்கார்ந்து மடியில் வைத்தேன். மழையில் நனைந்திருந்தது, பேண்டில் ஈரம் இறங்கியது. தாம்பரம் வண்டி இல்லையே, இதை ஒத்துக்கொள்வார்களா என்று ஒரு நொடி யோசித்தேன். படம் எடுத்தேன். மடியும் மூட்டையும் ஜன்னலில் அந்நிய ஊரும்.

பல்லாவரத்தின் குரல் வந்தது. “வெங்காயமா? சரி, ஏறிக்கோ. வாசல்ல நிக்காத, உள்ள தள்ளி நில்லு. இன்னும் ஆளு ஏறணும்.”

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன். அப்போது ஒரு செய்தி வந்தது. சானடோரியம். குழுவில் வெள்ளக் காலத்திலிருந்து இருக்கிற ஸ்டேஷன். ‘வந்தாச்சு’ தவிர வேறு ஒரு வார்த்தை எழுதி நான் பார்த்ததில்லை. படத்தில் ஒரு மடி, மடியில் சின்னச் செடி, கறுப்புப் பையில் வேரோடு. கீழே ஒரு வரி:

“பெருங்களத்தூர் மாதிரிதான் நானும். உள்ளே இடம் இருக்கா?”

பல்லாவரத்துக்கு முன்னால் நான் பதில் போட்டுவிட்டேன். மூட்டையை நகர்த்தி, பக்கத்து இருக்கையைக் காலியாக்கி, அதையும் படம் எடுத்து அனுப்பினேன்.